கீழிருந்து மேலேறும் சொல்

ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு நாள் முழுவதும் நடைபெறும் சம்பாஷணைகளைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்க்க ஒருவர் முற்படுவாரானால், மேலதிகாரியிடமிருந்து கீழே வருகிற உத்தரவுகளும், சமநிலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளும் தங்குதடையின்றிச் சென்றுகொண்டிருக்க, கீழே இருப்பவரிடமிருந்து மேலே போக வேண்டிய சொல் மட்டும் தயங்கித் தயங்கிப் பாதி வழியில் நின்றுவிடுவதையும், பல சமயங்களில் தொண்டையை விட்டு வெளியே வராமலே போய்விடுவதையும் காண்பார். உத்தரவு போடுகிறவருக்குக் குரல் தானாகவே எழும்புகிறது. "ஐயா, இதில் ஒரு பிழை இருக்கிறது" என்று சொல்ல வேண்டியவருக்கோ அந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டி எடுப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. மொழி மனிதரை மனிதரோடு இணைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தத் திசையில் இணைக்கிறது, எந்தத் திசையில் இணைக்கத் தவறுகிறது என்று ஆராய்ந்தால்தான் நம்முடைய சமூக வாழ்க்கையிலும் உத்தியோக வாழ்க்கையிலும் பேச்சு ஆற்றும் காரியத்தின் முழுப் பரிமாணமும் புலப்படும். ஒரு தொழிலின் பத்திரமும் ஒரு சமூகத்தின் நேர்மையும், கீழிருந்து மேலேறும் சொல்லுக்கு அங்கே கிடைக்கும் வழியைப் பொறுத்தே அமைகின்றன. அந்த வழியைத் திறந்துவைக்கும் கடமை முதன்மையாக மேலே இருப்பவரைச் சேர்ந்தது.

இந்த உண்மையை உலகத்துக்கு மிகத் தெளிவாகவும் மிகக் கொடூரமாகவும் எடுத்துக்காட்டிய தொழில் விமானப் போக்குவரத்து. மற்றத் தொழில்களில் பேசிய பேச்சு பேசியவுடன் காற்றோடு போய்விடுகிறது. ஒரு விபரீதம் நேர்ந்த பிறகு "நான் அப்போதே சொன்னேன்" என்பாரும், "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்பாருமாக இரு கட்சியார் மிஞ்சுவார்களே தவிர, சொன்னது இன்னது என்று நிரூபிக்க வழியிராது. விமானி அறையிலோ பேசப்படும் பேச்செல்லாம், நெருப்புக்கும் நீருக்கும் தாக்குப்பிடிக்கும் பெட்டிக்குள் இருக்கிற ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகிறது. ஆகவே மரணத்துக்குச் சில நிமிஷங்களுக்கு முன்பு மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்பதை விசாரணை செய்தவர்களால் வார்த்தைக்கு வார்த்தை கேட்க முடிந்தது.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கானரித் தீவுகளில், கிரான் கனாரியா விமான நிலையத்தில் ஒரு வெடிகுண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரீஃபில் இருந்த லாஸ் ரோடியோஸ் என்னும் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் நெதர்லாந்தின் கே.எல்.எம். கம்பெனிக்குச் சொந்தமான போயிங் 747 ஒன்று. அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனிக்குச் சொந்தமான போயிங் 747 மற்றொன்று. நெடுநேரம் காத்துக் கிடந்தபின் புறப்படும் வேளை வந்தபோது, நிறுத்திவைத்திருந்த விமானங்கள் பக்கப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தமையால், இரண்டும் ஒரே ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல வேண்டியதாயிற்று. கே.எல்.எம். விமானம் பாதையின் கடைசிவரை சென்று திரும்பி நின்றது. பான் ஆம் விமானம் பாதையை விட்டு விலகாமல் இன்னும் அதற்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மேகம் இறங்கி மூடியிருந்ததால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று படவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கோ இரண்டுமே தெரியவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானியான யாக்கோப் வெல்ட்ஹைசன் வான் சாண்டன் சாமானியர் அல்லர். அந்த ரக விமானத்தைச் செலுத்தப் பயிற்சி தரும் பிரிவுக்கே அவர் தலைவர். கம்பெனியின் விளம்பரங்களில் அச்சாகியிருந்த முகம் அவருடையது. அன்று பக்கத்தில் அமர்ந்திருந்த உதவி விமானிக்குப் பரீட்சை நடத்தித் தேர்ச்சி வழங்கியவரும் அவரே. திரும்பி நின்றவுடன் தலைமை விமானி இயந்திரங்களின் விசையைக் கூட்டத் தொடங்கினார். இன்னும் அனுமதி வரவில்லையே என்று உதவி விமானி தடுத்தார். தனக்கும் தெரியும் என்றும், கேட்டுப் பெறும்படியும் பதில் வந்தது. உதவி விமானி கேட்டார். வானில் எந்த மார்க்கமாகச் செல்வது என்பதற்கான அனுமதி மட்டும் வந்தது. புறப்படுவதற்கான அனுமதி வரவில்லை. கோபுரம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். ஒரு முறை தடுத்தவர் இரண்டாம் முறை தடுக்கவில்லை. விமானம் வேகமெடுத்துக்கொண்டிருக்கையில், பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர், வானொலியில் அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சைக் கொண்டு, அந்தப் பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர்.

அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. மூடுபனி ஒரு காரணம். பயணத்தை உடனே தொடங்காவிட்டால் பணிநேர வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்ற அவசரம் ஒரு காரணம். கோபுரத்தின் பேச்சும் பான் ஆம் விமானத்தின் பேச்சும் ஒரே கணத்தில் வானொலியில் மோதிச் சிதைந்தது மற்றொரு காரணம். ஆனால் இவையெல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகும், விபத்தைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி அரண் ஒன்று எஞ்சியிருந்தது. அது விமானி அறைக்குள் இருந்த இரண்டு மனிதர்களின் சந்தேகம். உதவி விமானிக்கு அனுமதி வரவில்லை என்பது தெரியும். பொறியாளருக்கு எதிரே ஒரு விமானம் இருக்கக்கூடும் என்பது தோன்றிவிட்டது. அறிவு அறைக்குள்தான் இருந்தது. அது கேள்வியின் வடிவத்தில் பணிவோடு எழுந்தது. உறுதியான ஒரு பதில் வந்ததும் அடங்கிவிட்டது.

மேலிடத்தை நோக்கிப் பேசுகிறவர் தம் பேச்சின் கூர்மையைத் தாமே மழுக்கிக்கொள்ளும் இந்தச் சுபாவத்தை மொழியியலார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். விமானி அறைகளின் ஒலிப்பதிவுகளை 1980-களில் ஆராய்ந்த சார்லட் லிண்டே என்னும் அமெரிக்க மொழியியலாளர், தலைமை விமானி தம் கீழுள்ளவரிடம் பேசும்போது காணப்படும் நேர்த்தன்மை, கீழுள்ளவர் மேல்நோக்கிப் பேசும்போது குறைந்துவிடுகிறது என்பதையும், அப்படி மிருதுவாக்கிச் சொன்ன யோசனைகள் ஏற்கப்படாமல் போவதற்கே அதிக வாய்ப்பு இருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டினார். நம் தமிழில் இப்படி மிருதுவாக்குவதற்குச் சாதனங்கள் அநேகம். "ஐயாவுக்குத் தெரியாததில்லை", "தப்பாக நினைக்கக் கூடாது", "நான் சொல்லக் கூடாது, இருந்தாலும்...", "ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது" என்று எத்தனை முன்னுரைகள்! இவை ஒவ்வொன்றும் மரியாதையின் அடையாளம். உறவு முறியாமல் காக்கும் நற்பண்பு. பந்தியிலும் கல்யாண வீட்டிலும் பெரியவர்கள் கூடிய சபையிலும் இவை இல்லாமல் வாழ்க்கை இனிக்காது. ஆனால் கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடேறிக்கொண்டிருக்கும்போது, "ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது" என்ற வாக்கியத்தைக் கேட்கிற மேலாளர், சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எண்ணிவிட்டால், அந்தக் குற்றத்தை யார்மேல் சுமத்துவது? சொன்னவர் சொன்னதாகவே நினைக்கிறார். கேட்டவர் கேட்டதாகவே நினைக்கிறார். ஆபத்தின் செய்தி மட்டும் இருவருக்குமிடையே எங்கோ தங்கிவிட்டது.

மரியாதையே உயிரைக் குடித்த இன்னொரு சம்பவம் 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி நியூயார்க் நகருக்கு அருகே நடந்தது. கொலம்பியாவிலிருந்து 158 பேரை ஏற்றிக்கொண்டு வந்த அவியாங்கா கம்பெனியின் விமானம், கெட்ட வானிலை காரணமாக மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டமிடும்படி நிறுத்திவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மீண்டும் மேலேறியபோது, நாம் அபாய நிலையில் இருக்கிறோம் என்று சொல்லும்படி தலைமை விமானி தம் தாய்மொழியான ஸ்பானிஷில் உதவி விமானிக்குக் கட்டளையிட்டார். கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசும் வேலை உதவி விமானியுடையது. அவரோ கோபுரம் சொன்ன திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் கடைசியில், எரிபொருள் குறைந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரு செய்தியைப் போலச் சேர்த்தார். அபாய நிலை என்ற முறையான அறிவிப்பைச் செய்யவில்லை. அடுத்த முயற்சிக்கு இன்னும் சற்றுத் தூரம் சுற்றி வரச் சொல்லி, உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கோபுரத்தினர் கேட்டபோதுகூட, சரிப்படும் என்றே நினைக்கிறேன் என்று சொல்லி நன்றியும் தெரிவித்தார். சிறிது நேரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் லாங் ஐலண்டில் ஒரு குன்றின் சரிவில் விழுந்து 73 பேர் இறந்தனர். அந்த வார்த்தைகளில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை. கேட்பவரை எழுந்து நிற்கச் செய்யும் வேகந்தான் இல்லை. பரபரப்பான பெருநகரத்து விமான நிலையத்தின் அதிகாரிக்குத் தொந்தரவு கொடுக்கத் தயங்கும் ஒருவரின் குரலாகவே அது ஒலித்தது.

இத்தகைய விபத்துகளிலிருந்து அந்தத் தொழில் பாடம் கற்றுக்கொண்ட விதந்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1978-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற ஐயத்திலேயே தலைமை விமானி மூழ்கியிருக்க, எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சாந்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தும், அது அவர் மனத்தில் பதியாமல் விமானம் விழுந்து 10 பேர் இறந்தனர். அதை விசாரித்த அரசாங்கக் குழு, கீழுள்ள விமானிகளுக்கு உறுதியாகப் பேசவும், தலைமை விமானிகளுக்குக் காது கொடுக்கவும் பயிற்சி வேண்டும் என்று கூறியது. 1979-இல் நாசா நிறுவனம் இதைப் பற்றி ஆராய ஒரு மாநாட்டைக் கூட்டியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனி முதன்முதலாக இதற்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அந்தப் பயிற்சி உலகெங்கும் பரவியிருக்கிறது.

அந்தப் பயிற்சியில் கற்பிக்கப்படும் ஒரு முறை மிக எளியது. முதலில் மேலதிகாரியைப் பெயரோ பதவியோ சொல்லி அழைத்துக் கவனத்தைத் திருப்ப வேண்டும். தன் மனக்கவலையைத் தன்னுடையதாகவே சொல்ல வேண்டும். கண்ட உண்மையை உள்ளபடி எடுத்துரைக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை கூற வேண்டும். கடைசியில், ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பதிலை வாங்க வேண்டும். சூசகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. அதே சமயத்தில், பயிற்சியின் மறுபாதி தலைமை விமானிகளுக்கு உரியது. பயணம் தொடங்குமுன் குழுவினரைக் கூட்டி, ஏதாவது தவறாகப் பட்டால் உடனே சொல்லுங்கள் என்று தம் வாயாலேயே சொல்லிவைப்பது அவர்களுடைய கடமைகளுள் ஒன்றாயிற்று.

இதன் பலனை 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. அமெரிக்காவில் 296 பேரோடு பறந்த ஒரு டி.சி.10 விமானத்தின் நடு இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உயர்த்தவும் பயன்படும் திரவ அழுத்தக் குழாய்கள் எல்லாம் ஒருங்கே பழுதாகிவிட்டன. அப்படி ஒரு நிலைக்கு எந்தப் புத்தகத்திலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. தலைமை விமானி அல் ஹேய்ன்ஸ், எல்லாம் தமக்கே தெரியும் என்று கருதாமல், அறையிலிருந்த ஒவ்வொருவரையும் கேட்டார். பிரயாணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரையும் உள்ளே அழைத்து, மிஞ்சியிருந்த இரண்டு இயந்திரங்களின் விசையை மாற்றி மாற்றி விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். சூ சிட்டி நிலையத்தில் விமானம் சிதறி விழுந்து 112 பேர் மாண்டனர். எனினும் ஒருவரும் தப்ப வழியில்லை என்று கருதத்தக்க நிலையிலிருந்து 184 பேர் உயிர் பிழைத்தனர். தலைமை விமானியே எல்லாம் அறிந்தவர் என்ற பழைய முறைப்படி நடந்திருந்தால் இது சாத்தியமாகியிராது என்று ஹேய்ன்ஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லிவந்தார்.

வானத்தில் கற்ற பாடம் பூமியில் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று ஆபரேஷன் தியேட்டர். அங்கேயும் ஒருவர் கையில் கத்தி இருக்கிறது. சுற்றிலும் நிற்பவர்கள் அவருக்குப் பணிந்தவர்கள். அவருக்குத் தெரியாத ஒன்று அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளியை வெளியே கொண்டுசெல்லுமுன் என மூன்று கட்டங்களில் அவற்றை வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். கத்தி வைக்குமுன் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் சொல்லிக்கொள்வது. சிகிச்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றக்கூடும். ஒரு சபையில் ஒரு தடவை தன் குரலை எழுப்பியவர் மறுபடியும் எழுப்பத் தயங்கமாட்டார் என்பதே அதன் சூட்சுமம். பெயர் தெரியாத சிஸ்டரின் சந்தேகத்தைக் காட்டிலும், பெயர் சொல்லிக்கொண்ட சிஸ்டரின் சந்தேகம் சர்ஜனின் காதுக்கு எளிதில் எட்டுகிறது.

நமது புதுதில்லி உட்பட உலகின் 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இந்தப் பட்டியலைப் பரிசோதித்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேரும் மரணம் நூற்றுக்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் நூற்றுக்கு 11 என்ற அளவிலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு மரணங்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை என்று 2014-இல் மற்றோர் ஆராய்ச்சி கூறியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை தட்டுப்படாமல் போகாது. தாளில் குறியிடுவதால் உயிர் பிழைப்பதில்லை. அந்தத் தாள் கூடியிருப்போரை உண்மையாகவே பேசவும் கேட்கவும் வைத்தால்தான் அதற்குப் பலன் உண்டு.

நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டரைப் போனில் எழுப்ப வேண்டிய சிஸ்டரை எண்ணிப் பாருங்கள். "டாக்டர், எட்டாம் பெட் அம்மா கொஞ்சம் டல்லா இருக்காங்க, நீங்க வந்தா ஒரு தடவை பார்த்துருங்க" என்று அவர் சொன்னால், பகலெல்லாம் உழைத்துக் களைத்த டாக்டர், காலையில் பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது. அதே சிஸ்டர், "டாக்டர், எட்டாம் பெட் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு நாலு மணி நேரம் ஆச்சு. பிபி எண்பதுக்கு இறங்கிடுச்சு, பல்ஸ் நூத்தி முப்பது. உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வரணும்" என்று சொன்னால், படுத்திருப்பதற்கு எந்த டாக்டராலும் முடியாது. பின்னதில் அவமரியாதை ஏதும் இல்லை. நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, தான் வேண்டுவது என்னும் நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய இந்த முறையை அந்நாட்டு மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன; இன்று பல நாடுகளில் தாதியருக்கு அது கற்பிக்கப்பட்டுவருகிறது. இந்தியாவிலும் 2019-ஆம் ஆண்டு முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பேசும் முறையும் பழகும் முறையும் பாடமாகவே சேர்க்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

தொழிலைப் பற்றி இதுகாறும் சொன்னது சமூகத்துக்கும் அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் தொழிற்சாலையில் ஒருவர் வாயடைத்து நிற்பதன் வேர் அவர் பிறந்து வளர்ந்த தெருவில்தான் இருக்கிறது. தலைநரைத்த பண்ணையாளை நிலச்சுவான்தாரின் சிறு பிள்ளை ஏகவசனத்தில் அழைப்பதும், அந்த முதியவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பன்மை மரியாதை கொடுப்பதும் நம் கிராமங்களில் நெடுங்காலம் கண்கூடாக நடந்த வழக்கம். இன்னும் முற்றிலும் ஒழிந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. சாதி, மனிதருடைய நடையையும் உடையையும் அடக்கியதோடு நிற்காமல், வாக்கியத்தின் விகுதி வரைக்கும் சென்று அடக்கியது. யாரிடம் எந்த விகுதியில் பேசலாம் என்று நிர்ணயிக்கப்பட்ட ஒருவர், எதைப் பேசலாம் என்பதிலும் கட்டுண்டவராகவே ஆகிவிடுகிறார். அப்படிப் பல தலைமுறைகளாக மேல்நோக்கிப் பேசப் பழகாத ஒரு வம்சத்தில் பிறந்தவர், ஆலையில் மேற்பார்வையாளரின் முன் நின்று, இந்த இயந்திரம் சரியில்லை என்று ஒரே நாளில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சிவகாசிப் பகுதியில் பட்டாசுக்கு மருந்து கலக்கும் அறையை நினைத்துக்கொண்டால் இதன் கனம் விளங்கும். கலவை வழக்கத்துக்கு மாறாகச் சூடு கொள்வதையும், ஈரம் பட்ட மருந்தின் வாடை மாறுவதையும் முதலில் உணர்பவர் அதில் கையை வைத்து வேலை செய்கிறவரே. போர்மேன் அல்லர், முதலாளியும் அல்லர். அன்றைய கூலி, எத்தனை உருப்படி முடிந்தது என்ற கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? அப்படிச் சொல்வதால் கூலி குறையாது, வேலை போகாது என்ற உறுதிமொழி முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தால்தான் வரும். சுவரில் ஒட்டிய பாதுகாப்பு விதிகள் பத்தைக் காட்டிலும் அந்த ஓர் உறுதிமொழி அதிகப் பாதுகாப்பைத் தரும்.

அரசாங்கத்தை நோக்கிச் செல்லும் சொல்லின் வரலாறும் இதுவே. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகங்களில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களின் கையிலுள்ள மனுக்களைப் பார்த்தால், உயர்திரு, சமூகம், தாழ்மை, கருணை என்று வணக்கத்திலேயே பாதிப் பக்கம் கழிந்து, பட்டா மாறுதல் நின்றுபோன விஷயம் கடைசி இரண்டு வரிகளில் ஒடுங்கியிருப்பதைக் காணலாம். கேட்பது தன் உரிமை என்ற நினைவு வராதவரைக்கும் மனிதனுடைய வாக்கியம் இப்படித்தான் குனிந்து நடக்கும். இந்த நிலையை மாற்ற முயன்ற சட்டங்களுள் தலையாயது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 1997-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு இதற்கென ஒரு சட்டம் இயற்றி மாநிலங்களுக்குள் முந்திக்கொண்டது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய விரிவான சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்ட கேள்விக்கு 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி வினவக் கூடாது. கீழிருந்து ஏறும் சொல்லுக்கு அரசாங்கமே கட்டிக்கொடுத்த படிக்கட்டு அது. அதைப் போலவே, நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டிய கிராம சபை, வாக்காளர் ஒவ்வொருவரும் வரவு செலவுக் கணக்கை எழுந்து நின்று கேட்கக்கூடிய இடம். ஊராட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று ஒதுக்கிய பிறகு, திண்ணைக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல்கள் பல, சபை நடுவே கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஆயினும் அந்தக் கூட்டங்களில் தீர்மானப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக் கலைந்துவிடும் ஊர்களும் இருக்கவே செய்கின்றன. பேசுவதற்கு இடம் கொடுப்பது வேறு. பேச வைப்பது வேறு.

திருவள்ளுவர் பொருட்பாலை வகுத்த முறையில் இதற்கு ஓர் அரிய வழிகாட்டல் இருப்பதாகக் கருதுகிறேன். சொல்வன்மை என்னும் அதிகாரத்தை அவர் அமைச்சைப் பற்றிய அதிகாரத்துக்கு அடுத்தபடியாக வைத்தார்; கேள்வி என்னும் அதிகாரத்தையோ, அரசனுடைய இயல்புகளைச் சொல்லும் பகுதியிலே, கல்விக்குப் பக்கத்தில் வைத்தார். கற்றறிந்தவரிடம் கேட்டு அறிவதே அங்கே பேசப்படும் பொருள் என்றாலும், வைப்பு முறையை நோக்கினால், திறமையாகச் சொல்வது அமைச்சனுக்கும், செவிகொடுத்துக் கேட்பது அரசனுக்கும் உரிய கடமைகளாகப் பங்கிடப்பட்டிருப்பது தெளிவாகிறது. நம் காலத்துப் பயிற்சி வகுப்புகள் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கிவிட்டன. மேலாளர்களுக்கு மேடைப்பேச்சும், ஊழியர்களுக்குக் கேட்டு நடக்கும் ஒழுக்கமும் கற்பிக்கப்படுகின்றன. மேலாளருக்குப் பேச வராத குறையால் ஒரு நிர்வாகம் கெட்டதாக நாம் கேள்விப்படுவது அபூர்வம். கேட்க வராத குறையால் கெட்டவற்றுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்கள், அது வீட்டு அதிகாரமாயினும் நாட்டு அதிகாரமாயினும், சில எளிய பழக்கங்களை மேற்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தத் தோன்றுகிறது. கூட்டத்தில் தம் அபிப்பிராயத்தை முதலில் வெளியிடாமல் கடைசியில் வெளியிடுவது நல்லது. தலைவர் வாய் திறந்த பிறகு மற்றவர்களிடமிருந்து வருவது ஆமோதிப்பே ஒழிய யோசனை ஆகாது. "எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்பதை விட்டு, "இதில் எங்கே தவறு நேரலாம்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும், முன்னதற்கு மௌனமே பதிலாகிவிடும், பின்னதற்கு ஆகாது. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும்; அவர் சொன்னது பிழையென்று பின்னர் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். ஏனெனில் சொல்லாவிட்டால், அன்று அவர் முகம் சுண்டிப் போவதை நூறு பேர் பார்ப்பார்கள். அந்த நூறு பேரும் மறுநாள் முதல் வாய் திறக்கமாட்டார்கள். கீழே இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. வணக்கத்தை ஒரு சொல்லில் முடித்துக்கொண்டு, கண்டதை அளவோடும் நேரத்தோடும் கூறி, தாம் வேண்டுவது இன்னது என்று முடிப்பது அவர்களுக்கு வசப்பட வேண்டிய கலை. வகுப்பறையில் கணக்கைத் தவறாகப் போட்ட ஆசிரியரிடம், "சார், மூணாவது வரியில பிழை இருக்கு" என்று எழுந்து சொன்ன சிறுவனை உட்காரச் சொல்லி அதட்டாமல், கரும்பலகைக்கு அழைத்துத் திருத்தச் சொல்லும் ஆசிரியர், அந்தக் கலையின் முதல் பாடத்தை அங்கேயே நடத்திவிடுகிறார்.

மரியாதையைக் கைவிட்டால்தான் உண்மையைப் பேச முடியும் என்று எவரும் கொள்ள வேண்டாம். வயதுக்கும் அறிவுக்கும் அனுபவத்துக்கும் நாம் தரும் கௌரவம் நம் நாகரிகத்தின் செல்வம்; அதை இழந்து பெறத்தக்க லாபம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவரை மதிப்பது என்பது அவரைத் தவறு செய்ய விட்டுவிடுவது ஆகாது. தம் பேச்சை மறுக்க முடியாதபடி அச்சத்தை வளர்த்துவைத்திருக்கும் பெரியவர், தமக்கு வரவேண்டிய எச்சரிக்கைகளைத் தாமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார். பிறகு ஆபத்து வந்தபோது, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று வருந்தும் உரிமையும் அவருக்கு இராது. தமக்குக் கீழே இருப்பவர் சொல்லாமல் விட்டதற்கும் மேலே இருப்பவர் பொறுப்பாளி என்ற கொள்கையை நம் அலுவலகங்களும் ஆலைகளும் பள்ளிகளும் குடும்பங்களும் ஏற்றுக்கொண்டு நடக்குமானால், நம்முடைய மொழி தன் தலையாய கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று நாம் நிச்சயமாகச் சொல்லலாம்.